புள்ளியைப் படித்த மாணவன்

முப்பத்தொரு வருடம் ஒரே லேபில் வேலை பார்த்தேன். அத்தனை வருடத்திலும் எனக்கென்று ஒரு மாணவர் அமையவில்லை. ரிட்டயர் ஆன பிறகு ஒன்று அமைந்தது. டீ குடிக்காது, லீவு கேட்காது, கொட்டாவி விடாது. நான் சொன்னதற்கு ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை. அது என்னிடம் எதைப் படித்தது என்பது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தால், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துப் பெண்கள் நூற்றுச்சொச்சம் பேர் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்ற மெசேஜைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சமைக்கப் போயிருப்பார்கள். அவர்களில் நான்கு பேருக்கு ஒன்று இருந்தது.

எங்கள் லேப் டெக்னீஷியன் சங்க மலருக்கு எழுதச் சொல்லி வந்த பெண்கள், “ஏஐ வந்தா நம்ம வேலை போயிடுமான்னு எழுதுங்க மேடம்” என்றார்கள். அது எனக்குத் தெரியாது. அது எப்படிப் படித்தது, நான் எப்படிப் படித்தேன் என்று மட்டும் தெரியும். அதை எழுதுகிறேன். வேலை போகுமா என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மலரைப் படிக்கப்போகும் உங்கள் வீட்டாருக்காக ஒரு வார்த்தை. பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து லேசாகச் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி எங்களுக்கு அனுப்புவார்கள். அதற்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, புற்றுநோயாக மாறக்கூடிய செல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது என் வேலை. ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்கள். கெட்டது இருந்தால் அதில் ஐந்தோ ஆறோ. சீக்கிரம் கண்டுபிடித்தால் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். விட்டுவிட்டால் அடுத்த தடவை அவள் வரும்போது மைக்ராஸ்கோப்பே தேவைப்படாது. இவ்வளவையும் என் மாமியாருக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அவர் கடைசி வரைக்கும் சொந்தக்காரர்களிடம், “மருமவளுக்குத் தாம்பரத்துல கண்ணாடி தொடைக்கிற வேலை” என்றே சொல்லிவந்தார். அந்த மகராசியின் வாக்கு பிறகு எப்படிப் பலித்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒரு வருடப் படிப்பை முடித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த அந்த லேபின் இரண்டாவது மாடிக்கு ஏறினேன். அங்கே டாக்டர் கோமதி இருந்தார். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் செயினில் தொங்கும் கண்ணாடி. பதினோரு மணிக்கு இரண்டு பிஸ்கட், மூன்றாவது கிடையாது. அவர் யாரையும் திட்டி யாரும் கேட்டதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று நாங்கள் ஏங்கியிருக்கிறோம்.

முதல் நாளே அவர் ஒரு சிவப்பு மார்க்கர் பேனாவை என்னிடம் கொடுத்தார். “சந்தேகமா இருந்தா பக்கத்துல ஒரு புள்ளி வை. என்னன்னு எழுதாதே, சொல்லாதே. புள்ளி மட்டும்.” அவ்வளவுதான் என் பயிற்சி.

வேலை இப்படி நடக்கும். வீடு பெருக்குகிறவள் மூலை விடாமல் பெருக்குவது போல, ஸ்லைடின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மேலிருந்து கீழே வர வேண்டும். ஒரு நூல் தள்ளிக் கீழிருந்து மேலே போக வேண்டும். எங்காவது கண் இடறினால் பெரிய லென்ஸைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் மனசு ஒப்பவில்லையென்றால், அந்த இடத்துக்குப் பக்கத்தில், மேலே படாமல், கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி வைத்த ஸ்லைடு இடது டிரேயில் போகும், வைக்காதது வலது டிரேயில். சாயங்காலம் டாக்டர் கிளம்பும் முன் இரண்டு டிரேயையும் எண்ணி, ஒரு குட்டி டைரியில் குறித்துக்கொள்வார். மறுநாள் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து அவர் பார்ப்பார். என் சந்தேகம் சரி என்றால் புள்ளி அப்படியே இருக்கும். அந்த ஸ்லைடு ரிப்போர்ட்டோடு அலமாரிக்குப் போய்விடும். சரியில்லை என்றால் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் புள்ளியை அழித்து, ஸ்லைடை என் மேஜைக்கே திருப்பி அனுப்புவார். ஏன் அழித்தார் என்று சொல்ல மாட்டார். அந்தச் சுத்தமான கண்ணாடியை வைத்துக்கொண்டு, நேற்று எனக்குப் பூதமாகத் தெரிந்தது இவருக்கு ஏன் ஒன்றுமில்லாமல் போனது என்று நானே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருடம் என் ஸ்லைடுகளுக்கெல்லாம் அம்மை போட்டிருந்தது. அப்படிப் புள்ளி வைத்தேன். லேபில் ஸ்பிரிட் செலவு கூடியதற்கு நான்தான் காரணம் என்று கேலி செய்தார்கள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் நேராகப் போய், “மேடம், இதை ஏன் அழிச்சீங்க? எனக்கு நல்லாத் தெரிஞ்சுதே” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு அது என்னன்னு தெரிஞ்சுதா, இல்ல எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துதா?”

யோசித்துப் பார்த்தால், எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருந்தது. என் மேஜைக்குத் திரும்பினேன். அடுத்த பல வருடங்களுக்கு ஒவ்வொரு புள்ளிக்கு முன்பும் அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேட்டுக் கேட்டுப் புள்ளிகள் குறைந்தன. குறைந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்தது. அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் லேபுக்குக் கீழே, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சந்தில் தனம் அக்கா டீக்கடை வைத்திருந்தாள். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் மாடி ஏறி டீ கொண்டுவருவாள். நான் டாக்டர் இல்லை என்று நன்றாகத் தெரிந்தும் என்னை “டாக்டரம்மா” என்றுதான் கூப்பிடுவாள். சர்க்கரை குறைவு என்று நான் சொன்னால், “ஊரு சனத்துக்கெல்லாம் டெஸ்ட்டு எட்த்துக்கினு கீற, ஒரு சக்கரய டெஸ்ட்டு பண்ணத் தெரில” என்பாள். அவளை டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு வருடம் நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல் ஒரு நாள் வந்தாள். “ஒண்ணுமில்லன்னு மட்டும் வரட்டும், ஒரு வாரத்துக்கு உனக்கு டீ கெடையாது” என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் எனக்கு நேரம் சரியில்லை. வைத்த ஏழு புள்ளிகளும் வரிசையாக அழிந்து வந்திருந்தன. ஏழாவது ஸ்லைடை டாக்டர் என் மேஜையில் வைத்தபோது லேசாகச் சிரித்தார் என்று எனக்குத் தோன்றியது. சிரித்தாரோ இல்லையோ, எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தச் சாயங்காலம்தான் தனம் அக்காவின் ஸ்லைடு என் கைக்கு வந்தது.

பெருக்கிக்கொண்டே போனேன். எங்கும் சீழ் செல்கள், அந்த வயதுப் பெண்களிடம் சாதாரணமாகக் காண்பதுதான். கடைசி வரிசையில், ஸ்லைடின் விளிம்பில், சீழுக்கு அடியில் ஐந்தாறு செல்கள் நெருங்கிக் கிடந்தன. நடுவில் இருக்கும் உட்கரு கொஞ்சம் கருப்பு, ஓரம் கொஞ்சம் கசங்கல். புண் ஆறும்போதும் செல்கள் இப்படி இருக்கும். வேறு யாருடைய ஸ்லைடாக இருந்திருந்தாலும் புள்ளியை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். இரண்டு தடவை பேனாவை எடுத்தேன், இரண்டு தடவையும் மூடினேன். இதுவும் அழிந்து வரும் என்று ஒரு பயம். உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய காரணம், அது தனம் அக்காவுக்கு இருக்கக் கூடாது என்று நான் விரும்பினேன். ஸ்லைடை வலது டிரேயில் வைத்தேன். டாக்டர் வந்து எண்ணிக் குறித்துக்கொண்டு கிளம்பினார். நானும் ரயிலேறினேன்.

அப்போது எனக்கு ஊரப்பாக்கத்தில் வீடு. ஊரப்பாக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மறைமலை நகரில் கூட்டம் இறங்கும் சத்தத்தில்தான் சுயநினைவு வந்தது. எதிர் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து, தேங்காய் துருவினேன், விரலைத் துருவிக்கொண்டேன். என் வீட்டுக்காரர், “என்ன ஆச்சு உனக்கு?” என்றார். ஐந்தாறு செல் ஆச்சு என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் ஏழரை மணிக்கே லேபில் நின்றேன். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். வலது டிரேயிலிருந்து ஸ்லைடை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, நேராக அந்த விளிம்புக்குப் போனேன். நேற்று இருந்தபடியே இருந்தன. பகலிலும் நல்லதாக மாறவில்லை. புள்ளி வைத்தேன். இடது டிரேக்கு மாற்றினேன்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து டிரேயைப் பார்த்தார், டைரியைப் பார்த்தார். “நேத்து இடது பக்கம் ஆறு, வலது பக்கம் பதினாலு. இன்னிக்கு ஏழு, பதிமூணு. நாம வீட்டுக்குப் போனப்புறம் ஸ்லைடெல்லாம் எழுந்து நடக்குதா வசந்தா?”

மாட்டிக்கொண்டேன். எந்த ஸ்லைடு என்று காட்டினேன். அவர் அதை எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். பதினோரு மணி பிஸ்கட் தட்டு வந்தது, தொடவில்லை. தனம் அக்கா டீ வைத்துவிட்டு, “இன்னா, இன்னிக்கு ரெண்டு பேரும் மவுன விரதமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். டாக்டர் நிமிர்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

“உனக்கு அது என்னன்னு தெரிஞ்சுதா, இல்ல எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துதா?”

“ரெண்டும் இல்ல மேடம். வீட்டுக்குப் போயும் விடல.”

அவர் பஞ்சை எடுக்கவில்லை. “தனத்தைக் கூப்பிடு” என்றார்.

சதைப் பரிசோதனையில் ஊர்ஜிதமாயிற்று. ஆரம்பக் கட்டம். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, மூன்று மாதத்தில் தனம் அக்கா திரும்ப மாடி ஏறிவந்தாள். “ஒரு வாரம் டீ கெடையாதுன்னேன், மூணு மாசம் குடிக்காத வெச்சிட்டேன் பாத்தியா” என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் ஸ்லைடு ஒரு சாயங்காலம் முழுக்க வலது டிரேயில் கிடந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. டாக்டரும் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஏன் திட்டவில்லை என்பது எனக்குப் பல வருடம் புதிராகவே இருந்தது. ஆனால் சீழுக்கு அடியில் கருப்பாக எதையாவது பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பிடரி சிலிர்க்கிறது. அந்த ஒரே ஒரு ஸ்லைடு போதுமாக இருந்தது.

இனி என் மாணவன் கதைக்கு வருகிறேன்.

ரிட்டயர் ஆகி இரும்புலியூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்து, கால்வலித் தைலமும் சீரியலுமாக இருந்தபோது லேப் மேனேஜர் கூப்பிட்டார். ஸ்லைடு பார்க்க மெஷின் வந்திருக்கிறதாம், அதற்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டுமாம். ஆசையாகப் போனேன். பார்த்தால், ஸ்லைடைப் படம் பிடிக்கும் ஒரு பெட்டி, பக்கத்தில் கம்ப்யூட்டர், எதிரில் பிரவீன் என்ற என்ஜினியர். முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி, தயிர்சாதம், தாழ்ந்த குரல். நல்ல பையன்.

அலமாரியில் இருந்த பழைய ஸ்லைடுகளையெல்லாம் படம் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, நல்லது கெட்டது என்று நான் தட்டிக்கொண்டே போக வேண்டும். மாதக்கணக்கில் தட்டினேன். “எப்படிப்பா இது படிக்கும்?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“முதல்ல குருட்டாம்போக்குல ஒரு பதில் சொல்லும் மேடம். தப்புன்னா உள்ளே இருக்கற நம்பர்களைக் கொஞ்சம் மாத்திக்கும். அடுத்த படம். இப்படி எல்லாப் படமும் முடிஞ்சா, மறுபடியும் முதல்லேருந்து.”

“எத்தனை தடவை?”

“ஐம்பது ரவுண்டு, நூறு ரவுண்டு. சரியா வர்ற வரைக்கும்.”

“நூறு தடவை தப்பு பண்ணா வெட்கமா இருக்காது?”

பிரவீன் சிரித்துவிட்டார். “அதுக்கு அந்த ஆப்ஷன் இல்ல மேடம்.”

என் பேத்தியை வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு ஒரே ஒரு தடவை கூட்டிப்போனோம். மயிலைப் பார்த்தாள். மறுநாள் என் புடவை பார்டரைப் பிடித்து இழுத்து “மயிலு!” என்றாள். அதில் மயில்தான் இருந்தது, அதுவும் ஜரிகையில், தலைகீழாக. அன்றைக்கே துடைப்பத்தையும் மயில் என்றாள், அது வேறு விஷயம். ஒரு மயிலுக்கு ஒரு தடவை போதும் அவளுக்கு. இதற்கு எத்தனை ஆயிரம் மயில் வேண்டியிருக்கிறதோ! ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு பார்க்கிற ஸ்லைடில் எனக்குக் கண் சொக்கும். அதற்குச் சொக்காது.

பரீட்சை வைத்தார்கள். அலமாரியிலிருந்தே, மெஷின் பார்க்காத ஸ்லைடுகளாக ஒதுக்கி வைத்திருந்ததைக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டது. மேனேஜர் மைசூர் பாக்கு கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, வாத்தியார் ஆயிற்றே. அடுத்த கட்டமாக, மெஷின் நார்மல் என்று சொன்னால் நேராக மெசேஜ் போய்விடும், சந்தேகம் என்று சொன்னதை மட்டும் ஆள் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது நினைத்தால் எனக்கே குட்டத் தோன்றுகிறது.

சரியாக அந்தச் சமயத்தில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு முகாம் நடந்தது. நூற்றுச்சொச்சம் ஸ்லைடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷின் எல்லாவற்றையும் பார்த்து முடித்தது. அத்தனையும் நார்மல். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோருக்கும் மெசேஜ் போகும் என்று மேனேஜர் சொன்னார்.

“ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் இல்லை?” என்றேன்.

“நல்ல விஷயம்தானே மேடம்?”

நல்ல விஷயம்தான். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் எந்த முகாமும் எனக்கு இவ்வளவு நல்ல விஷயத்தைக் கொடுத்ததில்லை. மாணவனின் நோட்டைத் திருத்திப் பார்க்கிற ஆசையில் டிரேயை வாங்கி மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்றாம் எண்ணில் பிடரி சிலிர்த்தது. இது பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும் கேஸ். வழக்கம்போல் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, பிரவீனிடம் நீட்டினேன். “இங்கே பாருங்க, இதை எப்படி விட்டுச்சு?”

அவர் பதறிப்போய் ஸ்லைடைத் திரும்பப் பெட்டிக்குள் கொடுத்தார். இந்தத் தடவை திரையில் சிவப்பாக ‘சந்தேகம்’ என்று வந்தது.

“பாத்தீங்களா, திருத்திக்கிச்சு!” என்று கத்தினேன். ஒரு நிமிஷம் எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. பிரவீன் கத்தவில்லை. “அது இப்போ எதையும் புதுசா படிக்கல மேடம். ஸ்லைடும் அதேதான். அப்போ நடுவுல என்ன மாறிச்சு?” என்றார்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தோம்.

போன மாதம் எனக்கே டெஸ்ட் எடுத்து ஸ்லைடு பார்த்திருந்தோம், சுத்தமான நார்மல். அதைக் கொண்டுவரச் சொல்லி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, பெட்டிக்குள் கொடுத்தேன். ‘சந்தேகம்’. புள்ளியை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தேன். ‘நார்மல்’. பிரவீனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

“புள்ளியையெல்லாம் நான் படத்துல வெட்டி எடுத்துட்டேனே மேடம்” என்று சொல்லிக்கொண்டே பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கினார். புள்ளி இல்லைதான். ஆனால் வெட்டிய ஓரத்தில், மசி பரவிய இடத்தில், நம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு இளஞ்சிவப்பு. டாக்டர் கோமதியின் வழக்கப்படி எங்கள் அலமாரியில் கெட்ட ஸ்லைடுக்குப் புள்ளி உண்டு, நல்ல ஸ்லைடுக்குக் கிடையாது. முப்பது வருடமாகத் தவறாத வழக்கம். என் மாணவன் செல்லைப் பார்த்துக் கஷ்டப்படவே இல்லை. நூறு ரவுண்டும் அந்த இளஞ்சிவப்பைத்தான் தேடியிருக்கிறான். பரீட்சைக் கேள்வியும் அதே அலமாரியிலிருந்து வந்ததால் மார்க் கொட்டியது. முகாம் ஸ்லைடில் யாரும் புள்ளி வைக்கவில்லை, ஆகவே ஊரில் யாருக்கும் நோய் இல்லை.

மணி ஐந்து நாற்பது. மேனேஜர் அறைக்கு ஓடினோம். “மெஷின்தான் பாஸ் பண்ணிடுச்சே மேடம்” என்று அவர் இழுத்தார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். என் ஸ்லைடுக்கு மறுபடியும் அவர் கண் முன்னாலேயே புள்ளி வைத்து, பெட்டிக்குள் கொடுத்து, திரையைக் காட்டினேன். “அப்போ எனக்கும் ‘சந்தேகம்’னு மெசேஜ் அனுப்புங்க சார். கால்வலியோட இருக்கிறவளுக்கு இதுவும் சேந்து வந்திருக்கு.” அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெசேஜை நிறுத்தினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் டாக்டர் கோமதிக்குப் போன் செய்தேன். சேலையூரில் மகளோடு இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

“மெஷினைத் திட்டாதே வசந்தா. நானும் அதைத்தானே பண்ணேன்.”

“நீங்களா மேடம்?”

“புள்ளி இருந்தா இருபது நிமிஷம் பார்ப்பேன். இல்லைன்னா அரை நிமிஷம். உன் மேல அவ்வளவு நம்பிக்கை, இல்லைன்னா எனக்கு அவ்வளவு சோம்பேறித்தனம். அன்னிக்கு தனத்தோட ஸ்லைடு வலது டிரேயிலேயே இருந்திருந்தா, நார்மல்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். அது எனக்கு அப்பவே தெரியும். உன்னை எந்த வாயால திட்டறது?”

ரயில்வே மேம்பாலத்துக்குக் கீழே ஆட்டோவில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடப் புதிருக்கு விடை ஒரு வரியில் வந்துவிட்டது.

அடுத்த மூன்று நாள் நானும் இன்னொரு டெக்னீஷியனும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தனை ஸ்லைடையும் பார்த்தோம். நான்கு பேரைக் கூப்பிட்டோம். நாற்பத்து மூன்றாம் எண் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்பவர். “லீவு சொல்லணுமே மேடம், எத்தினி நாளு ஆவும்?” என்றுதான் முதலில் கேட்டார். நான்கு பேருக்கும் ஆரம்பக் கட்டம்தான். சிகிச்சை நடக்கிறது.

மெஷினுக்கு மறுபடி முதலிலிருந்து பாடம். அதற்கு அலமாரியில் உள்ள அத்தனை ஸ்லைடிலும் புள்ளியை அழித்தாக வேண்டும் என்றார் பிரவீன். யார் அழிப்பது? வைத்தவள்தான். பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்தேன். மாமியாரின் வாக்கு பலித்தது, தாம்பரத்தில் கண்ணாடி துடைக்கிற வேலை. தப்பான புள்ளிகளை டாக்டர் அன்றைக்கே அழித்துவிட்டார். மிச்சம் இருந்ததெல்லாம் நான் சரியாக வைத்தவை. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நடுவில் மேனேஜர் வந்து, இனிமேல் மெஷின் நார்மல் என்று சொல்வதையும் ஒரு ஆள் பார்த்த பிறகே அனுப்பப்போவதாகவும், காலையில் வந்து பார்த்துத் தர முடியுமா என்றும் கேட்டார். இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது, முட்டி ஒத்துழைக்காது என்று சொல்லிவிட்டேன்.

துடைக்க உட்கார்ந்த நான்காம் நாள் தனம் அக்கா வந்தாள். கடையை இப்போது அவள் மகன் பார்க்கிறான். இருந்தும் எங்களைப் பார்க்க ஒரு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவள் மாடி ஏறுவாள். அவள் முட்டிக்கு வயது எழுபத்து மூன்று.

“இன்னா டாக்டரம்மா, ரிட்டயர் ஆயிட்டும் கண்ணாடி தொட்ச்சிக்கினு கீற?”

“இது யாரோடதுன்னு சொல்லு பாக்கலாம். உன்னோடதுதான்க்கா.”

அவள் ஸ்லைடை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இத்தினூண்டு புள்ளியா? இத்த வெச்சிக்கினா என்னிய அந்தப் பாடு படுத்துனீங்கோ?”

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. “அக்கா, அந்தப் புள்ளியை நான் அன்னிக்கு வைக்கல. பயந்துகிட்டு ஒண்ணுமில்லாத டிரேல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் காலையில ஏழரைக்கு ஓடிவந்துதான் வெச்சேன். இத்தனை வருஷமா உன்கிட்ட சொல்லல.”

அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள். “ஒரு நாளு தானே? நீ சொன்னப்பொறம் ஆஸ்பத்திரிக்குப் போவாத பதினோரு நாளு டீ ஆத்திக்கினு இருந்தேனே நானு, பயந்துகினு. அத்த நானு யாராண்ட சொல்றது?”

சிரித்தோம். சிரிப்பில் எனக்குக் கண் வழிந்தது. அவள் டம்ளரை என் கையில் திணித்துவிட்டு, பெட்டியைப் பார்த்தாள். “ஆமா, இந்த மிசினு தப்பு பண்ணிச்சாமே. வூட்டுக்குப் போயி அதையே நென்ச்சிக்கினு கெடக்குமா இது?”

பிரவீன் கீபோர்டிலிருந்து நிமிர்ந்தார். “அதுக்கு ஏது பாட்டி வீடு?”

“அப்ப காத்தால ஓடியாந்து யாரு புள்ளி வெப்பாங்கோ?”

பிரவீன் என்னைப் பார்த்தார். நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தனம் அக்காவின் புள்ளியை அழுத்தித் துடைத்தேன். அது பழைய மசி, போவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“நாளையிலேருந்து ஏழரைக்கே கதவைத் திறந்து வைக்கச் சொல்லுப்பா” என்றேன்.